இருமாமல் இருங்கள்

அண்ணனுக்குப் போன் போட்டால் அண்ணன் குரலுக்கு முன்னால் யாரோ இருமுகிறார்கள், பிறகுதான் கையைக் கழுவுங்கள், விலகி இருங்கள் என்று ஒரு பெண் சொல்கிறாள், அந்த முதல் இருமலிலேயே செவந்திக்கு நெஞ்சு பதறுகிறது, உள்ளே படுத்திருக்கிற புருசன் ரத்தினவேல்தான் இருமிவிட்டாரோ என்று... போனைத் துண்டித்தாள். அண்ணனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்பான், கொண்டுபோனால்? எதிர்வீட்டு நாகராசு அண்ணன் தன் காலால் நடந்துபோய்த்தானே ஆம்புலன்ஸில் ஏறினார், மாட்டுக்குத் தண்ணி காட்டு என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, அதோடு சரி, அங்கேயே எரித்துவிட்டார்கள், முகம்கூடக் காட்டவில்லை, வாசலில் தகரம் அடித்திருந்ததால் கட்டிப்பிடித்து அழக்கூட ஒருத்தியும் போகவில்லை, நான் மட்டும் போனேனா, சன்னலைச் சாத்திக்கொண்டுதானே அழுதேன்...

தெருமுனையில் மைக் கட்டிய ஆட்டோ வந்துவிட்டது. வல்லத்திராக்கோட்டை பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள், அச்சம் வேண்டாம்... அச்சம் வேண்டாம் என்பதை ஏன் இப்படி அலறிச் சொல்கிறார்கள்? சொல்லிவிடலாமா, நேற்றிலிருந்து கஞ்சி இறங்கவில்லை, ஆவி பிடித்தும் இழுப்பு நிற்கவில்லை, ஆனால் ராத்திரி "என்னய மட்டும் அனுப்பிராத செவந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டது அவர்தானே. உள்ளே ஓடினாள். "வீடு வீடா கேக்க வாராங்க, சித்த நேரம் இருமாம இருங்க." அவர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு தலையாட்டினார், கண் இரண்டும் பிதுங்கியிருந்தது.

வாசலில் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண், முகத்தில் மாஸ்க்கும் அதற்கு மேல் கண்ணாடித் தாளுமாக, குரலைக் கேட்டால் சின்னப் பிள்ளை. "யாருக்கும் காய்ச்சல், சளி இருக்காக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கோம்."

"வீட்டுக்கார அண்ணன் எங்க?"

"வயலுக்குப் போயிருக்காங்க." எவ்வளவு சுலபமாக வருகிறது பொய், பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தால் போதும், வரக்கூடாது, முனியா சாமி, வரக்கூடாது... வரவில்லை. "எதுன்னாலும் மறைக்காம சொல்லுங்கக்கா, ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நின்று, கேட்டைச் சாத்திக்கொண்டு அவள் போனாள்.

அப்பாடா என்றிருந்தது, காப்பாற்றிவிட்டேன், உள்ளே எவ்வளவு அமைதி, காலையிலிருந்து மூச்சுக்கு மூச்சு இருமியவர் இவ்வளவு நேரம் எப்படி அடக்கினார்... அடக்கத்தான் முடியுமா அதை? ஆட்டோ தெருவைத் தாண்டவில்லை, ஓடினால் பிடித்துவிடலாம், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஓடலாம், எது முதலில், வாசற்படியிலேயே நின்றாள். "ஆட்டோ போயிருச்சுங்க" என்றாள், சத்தம் வரவில்லை, மறுபடி சொன்னாள், "இனிமே இருமலாம்."