கஞ்சிக்குப் பேரம்

மரியசெல்வத்தின் மரியாதையில் யாரும் குறை சொன்னது கிடையாது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நோயாளிகளைத் துடைத்துத் தூக்கிப் பழகியவன். பெரியவர்கள் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "சரிங்கய்யா." அந்த ஒரு சொல்லைப் பட்டயம் மாதிரி மடியில் கட்டிக்கொண்டு மதராசுக்கு ரயில் ஏறியிருந்தான்.

மயிலாப்பூரில் அது செல்லவில்லை. அவன் பணிவிடைக்கு வந்த வீட்டில், நாற்பது வருஷம் ஜவுளிக்கடை நடத்திய பீர் முஹம்மது ஒரு பக்கம் கைகால் விழுந்து கட்டிலில் கிடந்தார். வாய் மட்டும் விழவில்லை. ஆனால் அந்த வாய்க்குள் கஞ்சி போக மறுத்தது.

"ரெண்டு வாய் போதும்" என்பார்.

"சரிங்கய்யா" என்று கிண்ணத்தை எடுத்துவிடுவான். பெரியவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பத்து நாளில் விலா எலும்பை எண்ணலாம் போலாகிவிட்டது.

மகள் ஷகீலா கறாராகச் சொல்லிவிட்டாள்: "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அத்தா ஒழுங்கா சாப்டலன்னா, நீ ஊருக்குப் போய்க்கினே இரு."

வியாழக்கிழமை காலை, குப்பத்து முத்தம்மா வாசலில் மீன்கூடையை இறக்கினாள். வஞ்சிரம் ஆறணா என்றாள். ஷகீலா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து முழக்கம் வந்தது.

"ஆறணாவா? மீனுக்கா, படகுக்கா? மூணு சொல்லு!"

"பாய், படுத்துக்கினே கழுத்த அறுக்கிறியே!" என்று கத்தினாலும் முத்தம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. நாலுக்கு முடிந்தது. கட்டிலில் பெரியவருக்குக் கன்னம் சிவந்திருந்தது.

மரியசெல்வம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் வீட்டில் சொன்ன விலையை மறுப்பது சண்டை. இந்த மனுஷருக்கோ, சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டு போகிறவன்தான் அவமதிக்கிறவன் போலிருக்கிறது!

மத்தியானம் கஞ்சி வந்தது.

"ரெண்டு வாய்."

மரியசெல்வம் கிண்ணத்தை எடுத்துவிடவில்லை. அம்மா கேட்டால் செருப்பால் அடிப்பாள். இருந்தாலும் சொன்னான்: "ரெண்டா? கஞ்சி என்ன தெருவுல கெடந்துச்சாய்யா? பத்து."

பெரியவரின் கண் அகன்றது. "பத்தா! டேய் தின்னவேலி, மனசாட்சி கீதா ஒனக்கு? மூணு."

"ஒம்பது. வெந்தயம் போட்ட சரக்குய்யா."

"வெந்தயமா, வெறும் தண்ணியா? நாலு. இஷ்டமிருந்தா குடு."

மரியசெல்வம் கிண்ணத்தை மூடினான், எழுந்தான், நிலைப்படிவரை திரும்பிப் பாராமல் நடந்தான்.

"ஏய், நில்லு! இன்னா மன்ஸன்டா நீ, பேசிக்கினு இருக்கும்போதே போறே? ஆறு!"

"ஏழு. அதுக்குக் கீழ கட்டுபடியாவாதுய்யா."

"சரி, ஊட்டு."

சத்தம் கேட்டு ஓடிவந்த ஷகீலா கொதித்தாள். "அத்தாவ எதிர்த்தா பேசறே? இதான் ஒங்க ஊரு மரியாதயா?"

ஐந்தாம் வாயை விழுங்கிவிட்டுப் பெரியவர்தான் பதில் சொன்னார். "அவன ஒண்ணும் சொல்லாதே. இத்தினி நாளா மய்யித்துக்கு, செத்த ஒடம்புக்குப் பண்ற மரியாத பண்ணிக்கினு இருந்தான். இன்னிக்கிதான் கடைக்காரன்னு மதிச்சிருக்கான்."

ஏழு முடிந்தது. கிண்ணத்தில் இன்னும் ஒரு வாய் இருந்தது. மரியசெல்வம் கரண்டியை நீட்டினான். "கொசுறுய்யா."

நாற்பது வருஷ வியாபாரி கொசுறை வேண்டாமென்பாரா? வாயைத் திறந்தார்.

"நாளைக்குக் குளிக்க ஒரு குடந்தான் தண்ணி. இப்பவே சொல்லிட்டேன்" என்றார், துடைத்துவிட்ட வாயோடு.

மரியசெல்வம் நெஞ்சை நிமிர்த்தினான். "அத நாளைக்குப் பேசுவம்ய்யா."