எண்ணக் கூடாத கைகள்

அரியலூரில் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் பஞ்சநாதனின் மனைவி பூவிழி, போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குச் சோறு பிசைந்து உருட்டியபோது, அவளைச் சுற்றித் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சின்னச் சின்ன வலது கைகள் நீண்டன. முழங்கை வரைக்கும்தான் கை. அதற்கு மேல் ஆள் கிடையாது. ஒன்றில் கண்ணாடி வளையல், ஒன்றில் கறுப்புக் கயிறு, இரண்டு மூன்றில் சிரங்கு. பயம் வருவதற்கு முன்னால் பூவிழிக்குத் தோன்றியது, ஐயோ, சோறு பத்தாதே என்பதுதான்.

அவை யாருடைய கைகள் என்பதில் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பஞ்சநாதனுக்கும் எனக்கும் தாத்தா முத்துவேல், உடையார்பாளையம் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்தவர். அவருக்கும் பாட்டி சம்பூர்ணத்துக்கும் பிறந்தவை எத்தனை என்று அவர்களுக்கே தெரியாது. பிள்ளைகளை எண்ணினால் ஆகாது என்று அந்த வீட்டில் யாரும் எண்ணியதில்லை. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடம் தாத்தா ஒரு தடவை அஞ்சாறு இருக்கும் என்றார், பத்து வருடம் கழித்து வந்தவரிடம் மூணு என்றார். மத்தியானம் பித்தளைக் குண்டானில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து, உருட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, குழியில் குழம்பு ஊற்றி, நீளும் கைகளில் எல்லாம் வைத்துக்கொண்டே போவார்கள். கை நின்றால் பந்தி முடிந்தது என்று அர்த்தம். இதில் சில கோளாறுகளும் உண்டு. பஞ்சநாதனின் அப்பா அன்பழகனை ஏழு வயதில் அரியலூர் சந்தையில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவராகவே நடந்து வந்து வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினார். எங்கேடா போயிருந்தாய் என்று ஒரு குரல் கேட்கவில்லையே என்பது சாகும் வரைக்கும் அவருக்குக் குறை.

அப்பேர்ப்பட்ட வம்சத்தில் வந்த எங்களுக்கு ஆளுக்கு ஒரு பிள்ளை. அந்த ஒன்றை வளர்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. எனக்கும் ஒன்றுதான், அவன் சாப்பிட உட்கார்ந்தால் நானும் என் மனைவியும் நீதிமன்றத்தில் நிற்பதுபோல் எதிரே நிற்போம். பஞ்சநாதன் பாடு அதைவிட மோசம். அவன் மகள் மணிமொழிக்கு நாலு வயது. சாப்பாடு என்றால் வாயைப் பூட்டிக்கொள்வாள். போனில் பாட்டு வைத்தார்கள், சன்னலில் சுண்ணாம்புக்கல் லாரி காட்டினார்கள், போலீஸ் வருவதாகப் பயமுறுத்தினார்கள், பஞ்சநாதன் ஒரு தடவை குரங்கு மாதிரி நடந்தே காட்டினான். பிள்ளை சிரித்தது, வாயைத் திறக்கவில்லை. டாக்டர் எடை பார்த்துவிட்டு, பதினோரு கிலோதான் இருக்கா, இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்கு வழியாத்தான் குடுக்கணும் என்று சொல்லியிருந்தார். பூவிழி அதிலிருந்து தூங்கவில்லை.

பாகப்பிரிவினையில் அன்பழகன் பங்குக்கு அந்தக் குண்டான் வந்தது. பஞ்சநாதன் வீட்டில் அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை தொட்டியில் பாத்திரம் எல்லாம் கழுவாமல் கிடந்ததால் பூவிழி வெங்காயத்தைக் கவிழ்த்துவிட்டு அதில் பிசைந்தாள், அவ்வளவுதான் நடந்தது. உருட்டிய சோற்றை ஒவ்வொரு கையிலும் வைத்தாள். கை மடங்கும், மறையும், மறுபடி வெறுங்கையாக நீளும். சோபாவில் போனும் கையுமாக இருந்த மணிமொழி, தனக்கு வைத்திருந்த உருண்டையைச் சிரங்குக் கை ஒன்று எடுப்பதைப் பார்த்தாள். "ஏய், அது என்னோடது!" என்று குதித்து இறங்கி, இடித்துத் தள்ளி நடுவில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நாலு உருண்டை தின்றாள். பூவிழி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து இரண்டு படி அரிசி உலையில் விழுந்தது. தாத்தாவின் பிள்ளைகளில் இன்னமும் உயிரோடு இருப்பவர்களுக்குச் சரியாக ஒரு மணிக்கு வயிறு நிறைந்தது. பூலாம்பாடியிலிருந்து ராஜதுரை சித்தப்பா தினமும் போன் செய்தார். "ஏம்மா பூவிழி, இன்னிக்குக் கொழம்புல உப்புத் தூக்கலா போயிடுச்சு பாத்துக்க." பெரம்பலூரில் சர்க்கரை வியாதியோடு இருந்த ஜானகி அத்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. நான் பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் தொடல சார் என்று டாக்டரிடம் சத்தியம் செய்துவிட்டு, வெளியே வந்து பூவிழியைக் கூப்பிட்டாள். "எனக்கு மட்டும் சின்னதா உருட்டு கண்ணு. நிறுத்திப்புடாத."

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தால் அது எங்கள் குடும்பம் இல்லை. பஞ்சநாதனுக்கு ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடை வேலை. பதினோரு வருடமாக லாரி உள்ளே வரும்போது எவ்வளவு, வெளியே போகும்போது எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, கணக்கில் வராத எதையும் அவனால் சும்மா விட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூவிழி ரசம் எடுக்க அடுப்படிக்குப் போன நேரத்தில், மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டான். அதோடு விட்டானா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் இத்தனை என்று போட்டான். நாங்களும் வெட்கமில்லாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினோம். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை பட்டது போதும்.

திங்கட்கிழமை ஒரு கைகூட வரவில்லை. குண்டான் நிறையச் சோறு ஆறிக் கிடந்தது. மணிமொழி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், பிறகு வாயைப் பூட்டிக்கொண்டாள். செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. பூலாம்பாடியில் சித்தப்பா பசிக்குது பசிக்குது என்று சமையற்கட்டையே சுற்றினார். பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிப்போனது. சனிக்கிழமை டாக்டர், திங்கட்கிழமை காலையில் வந்து சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பஞ்சநாதன் குண்டானுக்கு முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். அப்பா, அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தான். பூவிழி அவனோடு பேசுவதை நிறுத்தி ஆறு நாளாகியிருந்தது. அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "லாரிய எண்ணுற மாதிரி எம்புள்ள சோத்த எண்ணிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

ஞாயிற்றுக்கிழமையும் அவள் இரண்டு படி வடித்தாள். கை வரவில்லை. வடித்த சோற்றைக் கொட்ட மனசு வராமல், கதவைத் திறந்து தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை எல்லாம், சாப்புட வாங்கடா என்று கூப்பிட்டாள். லேப்டாப் மேஜையைத் தள்ளி, டீப்பாயைத் தூக்கி நிறுத்தி, கூடம் முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். செருப்பே இல்லாமல் வந்தது ஒன்று, மூக்கு ஒழுகிக்கொண்டு ஒன்று, யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாமல் நாலைந்து. எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு எனக்கு என்று கையை நீட்டின. பூவிழி முகம் பார்க்காமல் வைத்துக்கொண்டே போனாள். பாதி குண்டான் காலியான பிறகுதான் பார்த்தாள்: வைத்த கைகளில் சிலவற்றுக்கு முழங்கைக்கு மேல் ஆள் இல்லை. ஒரு மணிக்கட்டில் மார்க்கர் மை பாதி அழிந்திருந்தது. எது எந்தக் கை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாத அந்தக் கும்பலுக்குள், வாயெல்லாம் குழம்பாக மணிமொழி ஒருத்தியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பஞ்சநாதன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கி, மனசுக்குள் ஒன்று என்று வந்தவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து அந்தத் தெருவுக்கே மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அரிசியை நாங்கள் எல்லோரும் முறைபோட்டு அனுப்புகிறோம். என் மகனையும் விடுமுறைக்கு அங்கே கொண்டுபோய் விட்டேன். நாலு நாள் கழித்துக் கூப்பிடப் போனால், இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பூவிழி என்னையே கேட்டாள்.

போன வாரம் மணிமொழியை மறுபடி டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிச் சிரித்துவிட்டு, எடை பார்க்கச் சொல்லி நர்சிடம் கைகாட்டினார். மெஷினில் ஒரு கால் வைத்த பிள்ளையைப் பஞ்சநாதன் பாய்ந்து வாரித் தூக்கிக்கொண்டான்.

"வேணாங்க சார். எடையெல்லாம் போட வேணாம்."

"கார்டுல எழுதணுமேப்பா. என்னன்னு எழுதுறது?"

பஞ்சநாதன் பிள்ளையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிப் பார்த்தான்.

"தூக்குனா கனக்குதுன்னு எழுதிக்குங்க சார்" என்றான்.

டாக்டர் அப்படியே எழுதினார்.