பதினேழாம் நம்பரின் கதை

திரிஷா குண்டூசியை நகத்தால் நெம்பினாள். விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது. நல்லவேளை, தாளில் படவில்லை.

ஏனாத்தூர் கல்லூரியின் ஆங்கிலத் துறை அறையில் ஆளில்லை. சாப்பிடப் போன மாணிக்கவேல் சார் திரும்பி வர இன்னும் நாலு நிமிடம். மேஜைமேல் எம்.ஏ. வகுப்பின் கிரியேட்டிவ் ரைட்டிங் கதைகள். கதையில் பெயர் எழுதக் கூடாது. பின்பக்கம் ரோல் நம்பர் சீட்டைக் குத்தித் தர வேண்டும். படித்துத் தேர்ந்தெடுத்த பிறகு, வகுப்பில் வைத்துத்தான் சார் சீட்டைப் பார்ப்பார். முதலிடம் பெறும் கதைக்கு ஸ்காட்லாந்தில் ஆறு வாரம் எழுத்துப் பயிற்சி. ஒரே ஒரு இடம்.

அது அபிநயாவுக்குத்தான் போகும். போன வாரம் பஸ்ஸில் அவள் கதையைப் படித்ததிலிருந்து திரிஷாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கருட சேவைக் கூட்டத்தில் காஞ்சிபுரமே திணறுகிறது, பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் அப்பாவுக்காகக் காத்து நிற்கிறாள், அவர் வரவேயில்லை. திரிஷா எழுதியதோ, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழியும் தன் அம்மாவைப் பற்றி. யாருக்கு வேண்டும் அது?

தன் பதினேழை அபிநயாவின் கதையில் குத்தினாள். அபிநயாவின் இருபத்திரண்டை அம்மா கதையில்.

இரண்டு மணி வகுப்பில் சார் முதலில் எடுத்தது அம்மா கதையை.

"இதுதாம்பா. அந்தம்மா தூக்கத்துல கூட டிபன் பாக்ஸை விடாம புடிச்சிக்கினு இருக்குது பாரு, அங்க கதையை மூடி வச்சிட்டேன். மறுபடி தொறக்க முடியல." சீட்டைத் திருப்பினார். "இருபத்திரண்டு. அபிநயா, பாஸ்போர்ட் இருக்குதா?"

அபிநயா ஒரு கணம் திகைத்தாள். பிறகு திரிஷாவைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அப்ளை பண்ணிடறேன் சார்" என்றாள் நிதானமாக.

திரிஷா பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். அது என் அம்மா என்று சொன்னால், சீட்டு மாறிய விதத்தையும் சொல்ல வேண்டும்.

சார் அடுத்த கதையைத் திருப்பினார். "பதினேழு. நீயே எழுதினதாம்மா?"

"ஆமா சார்."

"கற்பனையா?"

"இல்ல சார். எனக்கே நடந்தது."

"அவங்கப்பா தெனம் பைக்ல எறக்கி விட்டுட்டுப் போறாரு சார்" என்றான் பின் பெஞ்சு சந்தோஷ்குமார். வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"அந்த அப்பா ஏன் வரலை?"

கதையில் அது இல்லை. "மறந்துட்டாரு சார். வேற ஏதோ வேலை."

"பொண்ணு மன்னிச்சிட்டாளா?"

எழுத்தாளர் மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது திரிஷாவுக்கு. "சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டா சார்."

சார் தலையாட்டினார். பையிலிருந்து பழுப்பேறிய நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். லைப்ரரி பீரோவில் கிடக்கும், துறையின் பழைய கையெழுத்துப் பத்திரிகை. அதே கதை, அதே ஆங்கில வரிகள், நீல மையில்.

திரிஷா சட்டென்று அபிநயா பக்கம் திரும்பினாள். அபிநயா போனுக்குள் குனிந்திருந்தாள். அதைப் பார்த்துக் கதையைச் சுட்டது யார் என்று இப்போது தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? எழுதியது நான்தான் என்று சொல்லியாகிவிட்டது.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி, இதே கிளாஸ்ல படிச்ச பிரியதர்ஷினி எழுதினது" என்றார் சார். "இதை எழுதிக் குடுத்த மூணாம் நாள் செத்துட்டா. நீ சொன்னது சரிதாம்மா, மறந்துதான் போயிட்டேன். அந்த அப்பா நான்தான்."