இரண்டாவது புள்ளடி

ஞாயிற்றுக்கிழமை காலை, மாரியம்மன் கோயில் வாசலில் சூடத் தட்டோடு கணேசமூர்த்தி நின்றபோது ஜீவராணிக்குக் கோபமே வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்தவளுக்குச் சத்தியம் செய்ய என்ன பயம்?

கணேசமூர்த்தி அந்தத் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். பொதுத் தேர்தல் முடிந்து பத்து நாளாகியும் அவருடைய முகம் தெளியவில்லை. கீழ்ப்பிரிவு ஆட்கள் எல்லாரும் நோர்வூட் போகிற பாதையோரத்தில் இருக்கிற கல்லூரியில்தான் வாக்குப் போடுவார்கள். முப்பது வருஷமாக அந்தக் கல்லூரியின் வாக்குகள் அப்படியே சங்கத்தின் குடம் சின்னத்துக்குப் போகும் என்று சொல்லிச் சொல்லித்தான் மேடைகளில் அவருக்கு மாலை விழுந்தது. இந்த முறை மாலை விழவில்லை.

"எண்ணுற இடத்துல என் தம்பிதான் முகவரா இருந்தான்," என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே மடித்துக்கொண்டார். "நம்ம கல்லூரியில குடத்துக்கு வெறும் இருநூத்தித் தொண்ணூறு. புதுக் கட்சிக்கு நானூறு. இந்தத் தோட்டத்து உப்பத் தின்னுட்டு எவனெவனோ கட்சி மாறியிருக்கான். யாருன்னு இன்னைக்கு அம்மன் முன்னால தெரிஞ்சிரும்."

சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, வாக்குச் சீட்டில் குடத்துக்கு நேரேதான் புள்ளடிக் குறி போட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுடைய பெயரைப் புது வீட்டுப் பட்டியலிலிருந்து வெட்டுவாராம். திங்கட்கிழமை அந்தப் பட்டியலை அரசாங்க அலுவலகத்தில் கொடுக்கப்போகிறவர் அவர்தான்.

வீடு என்றால் சும்மா இல்லை. போன மழையில், அவர்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து இறங்கிவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, இந்த லயத்தில் இனி ஆள் இருக்கக் கூடாது என்று சுவரில் சிவப்பு மையால் எழுதிவிட்டுப் போனார்கள். எழுதியதோடு சரி. ஜீவராணி வீட்டு அடுப்படிச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. வானம் இருட்டினாலே அவளும் மகள் தனுஷிகாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடுவார்கள். முதல் கட்டமாகப் பதிமூன்று வீடு. அதில் ஏழாவது பெயர் ஜீவராணியுடையது. அந்த ஏழாம் எண்ணை அவள் சாமிக்கு அடுத்தபடியாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டியலில் முதல் பெயர் அம்மாக்கண்ணு. அறுபத்தைந்து வயது, கொழுந்து எடுத்தே கூனிய முதுகு. தலைவர் அவளைக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை.

"நான் யாருக்குப் போட்டேன்னு என் புருஷனுக்கே சொன்னதில்ல மூர்த்தி. ஒனக்கு எதுக்குச் சொல்லணும்?"

தலைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலில் அவள் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். அடை மழையில் இடிந்து விழப்போகிற ஒரு வீட்டிலிருந்து ஒரு கிழவி வெளியேறுவதா வேண்டாமா என்பதை அந்தக் கோடு முடிவு செய்துவிட்டது. அடுத்த நாலு பேர் பயந்து, திரும்பத் திரும்பக் கொளுத்திய சூடத்தை அடித்தார்கள். ஆறாவது ஆள் தலையைக் குனிந்துகொண்டே வீட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கும் ஒரு கோடு.

ஜீவராணிக்கு அம்மாக்கண்ணு மேல் எரிச்சல்கூட வந்தது. நான் போட்டேனே, எனக்கென்ன என்கிற எரிச்சல். தன் பெயரைக் கூப்பிட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"தாயே, தலைவர் சொன்ன மாதிரியே செஞ்சேன். குடத்துக்கு ஒரு புள்ளடி போட்டேன். பக்கத்துல உரல் சின்னத்துக்கு ரெண்டாவது புள்ளடி போட்டேன். இது சத்தியம்."

சூடத்தை அடிக்கக் கையை ஓங்கியவளை யாரோ பிடித்து இழுத்தார்கள். தனுஷிகா.

"அம்மா, ரெண்டு கட்சிக்கா போட்டீங்க?"

"ஆமா. தலைவர்தானே சொன்னாங்க. ஜனாதிபதி தேர்தல்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டோம்ல. அதே மாதிரிதான் இதுவும்னு."

"அது வேற, இது வேறம்மா. இதுல ஒரே கட்சிக்குத்தான் போடலாம். ரெண்டு கட்சிக்குப் போட்டா செல்லாது. கல்லூரிச் சுவத்துல தமிழ்ல பெருசா ஒட்டியிருந்தாங்களே, பாக்கலையா?"

ஜீவராணி பார்க்கவில்லை. அன்று காலை ஐந்தரைக்கே வரிசையில் நின்று, தலைவர் சொன்னதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனவளுக்குச் சுவர் எப்படிக் கண்ணில் படும்? குடம், உரல், குடம், உரல். பிழைத்துவிடக் கூடாதே என்று அவ்வளவு பயம்.

கூட்டத்தில் சலசலப்பு. "நானும் ரெண்டுதான் போட்டேன்," என்றாள் ஒருத்தி. "நானும்தான்." "எங்க வீட்டுல அஞ்சு பேரும்." சூடத்தை அடித்துவிட்டு வந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சின்னப் பிள்ளை என்னத்தையோ உளறுது," என்றார் தலைவர்.

"அந்தக் காகிதத்தக் கொடுங்க தலைவரே," என்றாள் ஜீவராணி.

"எந்தக் காகிதம்?"

"குடத்துக்கு இவ்வளவு, புதுக் கட்சிக்கு இவ்வளவுன்னு பாத்துட்டு மடிச்சீங்களே. அதுல மூணாவது வரி ஒண்ணு இருக்கு. நீங்க எடுத்தப்பவே பாத்தேன். அதைப் படிங்க."

அவர் படிக்கவில்லை. தனுஷிகா கையை நீட்டினாள். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறைக்கவும் முடியவில்லை. கொடுத்துவிட்டார். தனுஷிகா சத்தமாகப் படித்தாள்.

"செல்லாதது, இருநூத்தி அறுபத்தெட்டு."

யாரும் கட்சி மாறியதால் அல்ல, தலைவர் பேச்சைத் தட்டாமல் கேட்டதால்தான் அத்தனை வாக்கும் குப்பைக்குப் போயிருக்கிறது. கேட்காதவன் வாக்குச் செல்லும், கேட்டவள் வாக்குச் செல்லாது. தோற்றவர்கள் துரோகிகளைத் தேடி இங்கே சூடம் கொளுத்துகிறார்கள். ஜீவராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினெட்டு வயசிலிருந்து அவள் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள்கூடப் போய்ப் போட்டிருக்கிறாள்.

"எதுக்கு தலைவரே உரலுக்குப் போடச் சொன்னீங்க?"

"அவங்களும் நமக்கு வேண்டப்பட்டவங்கதான்..."

"நமக்கா, ஒங்களுக்கா? ஒங்க மகனுக்கு வேல வாங்கித் தாறேன்னு உரல்காரர் ரெண்டு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போனது எங்களுக்குத் தெரியாதா? குடத்துக்காரனுக்கும் நல்ல பிள்ளை, உரல்காரனுக்கும் நல்ல பிள்ளை. அதுக்கு எங்க வாக்கா கிடைச்சுது?"

"எனக்கும் தெரியாது ராணி. நானும் அப்படித்தான் போட்டேன்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்கும். யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். ஜீவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. தெரியாமல் செய்தது ஒரு குற்றம் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஊருக்கே சொல்லிக் கொடுத்துவிட்டு, காகிதத்தில் உண்மையைப் பார்த்த பிறகும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாக்கண்ணு பெயரில் கோடு இழுத்தாரே, அதை எந்தச் சாமி பொறுக்கும்?

சூடம் எரிந்து முடியப்போனது. அம்மாக்கண்ணு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சூட வில்லையை எடுத்துத் தட்டில் போட்டாள்.

"இது என் சூடம் மூர்த்தி. மூணாவது வரி இன்னைக்குக் காலையிலதான் ஒனக்குத் தெரியும்னு அடிச்சுச் சத்தியம் பண்ணு. நான் வீடே வேணாம்னு போயிர்றேன்."

கணேசமூர்த்தி கையை ஓங்கவில்லை. கோயில் மணியைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், தட்டை மட்டும் பார்க்கவில்லை. வில்லை முழுக்க எரிந்து, தானாகவே அணைந்தது. தட்டின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் மிஞ்சியது.

ஜீவராணி அவர் கையிலிருந்த பட்டியலை எடுத்தாள். பேனாவையும் எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. கோடு விழுந்த இரண்டு பெயரையும் தனுஷிகா வாங்கி, கோட்டுக்குப் பக்கத்திலேயே திரும்ப எழுதிக் கொடுத்தாள்.

"நாளைக்கு யாரும் பெரட்டுக்குப் போக வேணாம், வேலைக்குப் பேர் கொடுக்க வேணாம்," என்றாள் ஜீவராணி. "மொத பஸ்ஸுல எல்லாரும் அலுவலகத்துக்குப் போறோம். பட்டியல நாமளே கொடுக்கிறோம். சுவத்துல சிவப்பு மையில எழுதினவங்ககிட்ட, எந்தக் கட்சிக்குப் போட்டா மேடு இறங்காதுன்னு கேப்போம்."

பிறகு பட்டியலில் ஏழாவது இடத்தைத் தேடினாள். தலைவர் கையெழுத்தில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையாலேயே எழுதினாள். இந்த முறை ஒரே ஒரு இடத்தில்தான் எழுதினாள்.