சிப்பை மட்டும்

"சிப்பை மட்டும் மாத்திக் குடு. வேற எதையும் தொடாத." சகாயம் போர்டை அன்புக்கரசியின் மேசைமேல் வைத்தான். அந்தப் போர்டைச் செய்ததே அவள்தான். மூன்று மாதத்துக்கு முன்புவரை தனக்கோடியின் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளைக் கருவிகளெல்லாம் அவள் பொறுப்பு. அந்த வேலையைவிட்டு அவளைத் துரத்தியவன் சூப்பர்வைசர் சகாயம்.

சூளைமேல் இருக்கும் சென்சார் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடும். சூட்டைக் கட்டுப்படுத்தும் போர்டு நேராக ஈ.பி. கரண்டில் ஓடும். அந்த 2008-ல் கரண்டு எங்கே ஒழுங்காக இருந்தது? தினமும் பன்னிரண்டு மணிக்குப் போய் இரண்டுக்கு வரும். அந்த இரண்டு மணி நேரமும் போர்டு செத்துக் கிடக்க, சென்சார் பாட்டுக்குச் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்புக்குள், அதற்குச் சப்ளை இல்லாத நேரத்தில் அந்த வோல்டேஜ் நேராகப் புகுந்தால் சிப் கருகிவிடும். அதைத் தடுக்கத்தான் சிக்னல் நுழையும் இடத்தில், கரண்டை மட்டுப்படுத்த அவள் ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தாள்.

சூடு இரண்டு டிகிரி குறைத்துக் காட்டுகிறதென்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சகாயம் அந்த ரெசிஸ்டரின் இரு முனையையும் கம்பியால் இணைத்து, அதை இருந்தும் இல்லாததாக ஆக்கிவிட்டான். சிப் எரிந்தது, ஒரு சூளைச் சரக்கு பாழானது. "பொம்பள கை வச்சா இப்டித்தான்" என்று சூளை வாசலில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். அவள் கம்பியைக் காட்டியும் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் யாரோ சிப்பை மாற்றியும் உடனே மறுபடி எரிந்து, மூன்று மாதமாகப் போர்டு இல்லாமலே சூளை ஓடியிருக்கிறது. கடலூர்வரை போயும் யாரும் தொடவில்லையாம். வேறு வழியில்லாமல் பாலக்கரையில் அவள் வைத்திருக்கும் ரிப்பேர் கடைக்கு வந்திருக்கிறான். போர்டைத் திருப்பினாள். கம்பி அப்படியே இருந்தது.

"வேற எதும் பாக்க வேணாமாங்க சார்?"

"நீ பாத்துக் கிழிச்சது போதும்."

வாடிக்கையாளர் சொல்வதைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது அவள் கடை வழக்கம். 'சிப் மட்டும் மாற்ற வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது' என்று எழுதி நீட்டினாள். அவன் அலட்சியமாகக் கையெழுத்துப் போட்டான். அவள் சிப்பை மட்டும் மாற்றினாள்.

மறுநாள் பன்னிரண்டுக்குக் கரண்டு போனது. இரண்டுக்கு வந்தபோது கருகிய போர்டு சூட்டைத் தப்பாகக் காட்ட, சூளை அளவுக்கு மீறி எரிந்து, பொம்மைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவளோடு முன்பு வேலை பார்த்த வீரம்மாள் காலையெல்லாம் அடுக்கிய சரக்கு அது. கேள்விப்பட்டதும் அன்புக்கரசிக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் இனித்தது.

சாயங்காலம் எரிந்த போர்டோடு சகாயத்தையும் கூட்டிக்கொண்டு முதலாளியே வந்தார். "ஏம்மா, வேணும்னே பண்ணியா?"

அவள் சீட்டை நீட்டினாள். தனக்கோடி வாய்விட்டுப் படித்தார். சகாயம் தெருவைப் பார்த்தான். அவள் போர்டைத் திருப்பிக் கம்பியைக் காட்டினாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"மூணு மாசம் முன்னாடியே சொன்னேங்க. கேட்டீங்களா?"

தனக்கோடி சகாயத்தைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கே வேலைக்கு வந்துரும்மா" என்றார் கடைசியில்.

"வேலை வேணாங்க. சார் என்னைப் பத்தி எங்க வச்சுச் சொன்னாரோ, அங்கயே வந்து உண்மையைச் சொல்லட்டும். அப்புறம் போர்டைச் சரி பண்றேன்."

மறுநாள் காலை சூளை வாசலில் எல்லோரும் நின்றார்கள். "கம்பியைப் போட்டது நான்தான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல" என்று சகாயம் தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

அன்புக்கரசி அந்தக் கம்பியை வெட்டப் பைக்குள்ளிருந்து கட்டரை எடுக்கப் போனவள் நிறுத்தினாள்.

"பின்னாடி வீரம்மாக்கா நிக்குது சார். அதுக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."