இடது சக்கரம் வரையாத விமானம்

பங்குனி மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, குரும்பலூர் செல்லதுரையின் வெங்காயக் களத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். பெரம்பலூர் முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் செந்தில்குமார் மேசைக்குத் தெற்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குத் தகர வேலை எடுத்துச் செய்கிற பிரவீணா அவருக்கு எதிரே ஸ்டூலில். வெங்காயம் சேர்த்து வைக்கிற மூங்கில் பட்டறைகளைக் கட்டிக் கொடுக்கிற கொளஞ்சியப்பன் மடித்த சாக்கின்மேல். செல்லதுரையின் மனைவி பூங்காவனம் வாசற்படியில், முறத்தில் வெங்காயத் தாளைக் கிள்ளியபடி. செல்லதுரை கயிற்றுக் கட்டிலில், மேசைமேல் விரித்த வரைபடத்துக்குப் பக்கத்தில். பதினொரு மணிக்குச் சற்று முன்னால் அந்த மேசை தரையிலிருந்து நாலு விரற்கடை எழும்பி அப்படியே நின்றது. மூன்று கால்கள்தான் எழும்பின. இடது பக்கத்து முன்கால் மண்ணிலேயே ஊன்றியிருந்ததால் மேசை சாய்ந்து, டீ முழுவதும் செந்தில்குமாரின் வேட்டியில் கொட்டியது. அவர் துடைத்துக்கொண்டு, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.

விஷயம் ஒரு போர் விமானம். சுதந்திர தினத்துக்குள் சங்கத்தின் வாசலில் அதன் பாதி அளவு மாதிரியை நிறுத்துவதாகத் தீர்மானம் ஆகியிருந்தது. மாவட்டத்தில் விமானத்தை ஆணி ஆணியாக அறிந்தவர் செல்லதுரை ஒருவர்தான். இருபது வருஷம் விமானப்படையில் சக்கரம், பிரேக் பார்க்கிற பிட்டராக இருந்து சார்ஜென்டாக ஓய்வு பெற்றவர். சக்கரங்கள் மடிந்து மேலே பறக்கிற மாதிரி செய்தால் கம்பீரமாக இருக்கும் என்று செந்தில்குமார் கேட்டுப் பார்த்தார். செல்லதுரை ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கு பதினொரு டிகிரி தூக்கியிருக்க வேண்டும், பின் சக்கரங்கள் இரண்டும் ஓடுபாதையை விட்டு அப்போதுதான் நாலு விரற்கடை எழும்பியிருக்க வேண்டும், மடிந்திருக்கக் கூடாது. அந்த நொடிதான் வேண்டும், வேறு நொடி என்றால் தன்னை விட்டுவிடுங்கள் என்றார். முதலில் மூங்கிலில் எலும்புக்கூடு, அதன்மேல் தகரம், தாங்குவதற்குப் பின்னால் ஒரு இரும்புக் குழாய் என்று முடிவாயிற்று. பிரவீணா வரைபடத்தின் மூலை முடுக்கெல்லாம் டேப் வைத்துப் பார்த்தாள்.

"சார், வலது சக்கரத்துக்குச் சின்னக் காட்டர் பின் ஆணி வரைக்கும் அளவு போட்டிருக்கீங்க. இடதுக்கு வெறும் வட்டம்தான் இருக்கு."

பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று செல்லதுரை தாளைச் சுருட்டினார். மேசை இறங்கிவிட்டது.

சித்திரையில் கொளஞ்சியப்பன் மூங்கிலைக் கட்டினான். தரையில் கிடத்திக் கட்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவன் வெங்காயப் பட்டறைக்கு வைக்கிற மாதிரியே வரிசையாகக் கல் வைத்து, அடியில் ஒன்றரை அடி சந்து விட்டு, அதற்குமேல் கட்டிவிட்டான். சின்ன வெங்காயத்துக்கு அடியில் காற்று நுழையாவிட்டால் பதினைந்து நாளில் அழுகிப்போகும். விமானத்துக்கு எதற்கடா சந்து என்று கேட்டால், இருந்துவிட்டுப் போகட்டும் என்றான். வைகாசியில் பிரவீணா அரியலூரிலிருந்து டெம்போவில் தகரம் கொண்டுவந்து அடித்தாள். வைகாசி விசாகத்துக்கு மறுநாள் மேற்கேயிருந்து காற்று வந்து சந்துக்குள் நுழைந்தது. விமானம் கற்களை விட்டு எழும்பி நின்றுவிட்டது. செல்லதுரை கவனமாக வரைந்த பாகம் எதற்கும் எடை இல்லை. வரையாமல் விட்ட இடது சக்கரம் மட்டும் தன் முழு எடையோடு மண்ணில் கிடந்தது. ஆகவே விமானம் அந்த ஒரு சக்கரத்தை மையமாக வைத்து, போரடிக்கிற மாடு மாதிரி காலையிலிருந்து மாலைவரை களத்தைச் சுற்றி வந்தது. துறையூர் பஸ்கள் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போயின. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து கம்பிக்கும் இறக்கைக்கும் உள்ள தூரத்தை அளந்து, போதும் என்று எழுதிக்கொண்டு போனார். குழாய்ச் செலவு மிச்சம் என்று செந்தில்குமாருக்குத் திருப்தி. பூங்காவனத்துக்கு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் வால் அவளுடைய விதை வெங்காயப் பட்டறையை இடித்துக்கொண்டே போயிற்று.

இடது சக்கரத்தைச் செல்லதுரை ஏன் வரையவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். இருபத்தாறு வருஷத்துக்கு முன் வடக்கே ஒரு விமானப்படைத் தளத்தில் அவருடைய கடைசி வேலை நாள். காலையில் ஒரு விமானத்தின் சக்கரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். விமானி ரகுநந்தன் அவர் கையிலிருந்த டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஏறினார். சக்கரங்கள் தரையை விட்டு எழும்பியதைச் செல்லதுரை பார்த்தார். அவை மடிவதற்குள் விமானம் பனிமூட்டத்தில் மறைந்தது. அந்த நேரத்தில் பணி விடுவிப்புத் தாளில் கையெழுத்துப் போட ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள், அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறிவிட்டார். ரயில் கிளம்பி அரை மணி நேரம் ஆனபின் அவருக்கு ஒரு கேள்வி வந்தது. இடது சக்கரத்து போல்ட் கழன்று வராமல் இருக்க ஒரு பூட்டுக் கம்பி முறுக்கிக் கட்ட வேண்டும். வலது பக்கம் கட்டியது நினைவிருந்தது. இடது பக்கம் கட்டியது நினைவில் இல்லை. கட்டாமல் விட்டிருந்தால் அந்த மனிதர் இறங்கும்போது என்ன ஆகியிருப்பார் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் செய்தித்தாள் தொடவில்லை. ரேடியோவில் செய்தி வந்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். பலகாரம் கட்டிக் கொடுத்த தாளைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் பிரிப்பார். அதைப் பூங்காவனம் அருவருப்பு என்று நினைத்திருந்தாள்.

ஆனி மாதம் பட்டறை பாதி சரிந்த அன்று கொளஞ்சியப்பன் அதைத் திரும்பக் கட்ட வந்தான். பூங்காவனம் அவனைப் பிடித்துக்கொண்டாள். தரையில் கட்டச் சொன்னதற்குச் சந்து விட்டுக் கட்டி இத்தனை கூத்துக்கும் காரணமானவன் அவன்தான் என்றாள். அவன் கோபப்படவில்லை, கயிற்றை வாயில் கடித்து இழுத்தபடி சொன்னான்:

"நான் என்னக்கா பண்றது. கை பழகினதத்தான் செய்யுது. சந்து விடாம கட்டணும்னு நெனச்சுக்கிட்டேதான் ஒக்காந்தேன். எந்திரிச்சுப் பாத்தா சந்து இருக்கு. கல்லு வச்சது எனக்கு ஞாபகமே இல்ல."

கட்டிலில் இருந்த செல்லதுரை, ஞாபகமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றான். இன்னொரு தடவை கேட்டார். அவன் பூங்காவனத்தைப் பார்த்து, அண்ணனுக்கு வெயில் ஏறிவிட்டது, மோர் கொடுங்கள் என்றான். செல்லதுரை மோரைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷக் கதையை முதல்முறையாகச் சொன்னார். பேசி முடிக்கிறவரைக்கும் விமானம் இரண்டு சுற்று வந்தது. பூங்காவனம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இதயா வயித்துல வச்சிருந்தீங்க? அந்தாளு செத்திருந்தா செத்தாருன்னு தெரியட்டும். இருந்தா இருக்காருன்னு தெரியட்டும். மொதல்ல அந்த சக்கரத்த வரைங்க. என் வெங்காயம் பூரா நசுங்குது."

அவர் வரைந்தார். அன்று மாலைக்குள் இடது சக்கரம் ஆணி, வாஷர், போல்ட் உட்பட முழுவதும் தாளில் வந்துவிட்டது. மறுநாள் பிரவீணா அந்த அளவுக்கு போல்ட்டும் இரண்டு முழம் மெல்லிய கம்பியும் கொண்டுவந்தாள். செல்லதுரை சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி போல்ட்டை முடுக்கினார். முடுக்கியதோடு நிறுத்திக்கொண்டு எழுந்திருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் அவருடைய சோதனை. எழுந்திருக்கப் பார்த்தார். கை அதற்குள் கம்பியை எடுத்து, இரட்டையாக மடித்து, துளையில் விட்டு, இடுக்கியால் முறுக்கத் தொடங்கியிருந்தது. முறுக்கி முடித்து, அடுத்தவர் விரலில் குத்தாமல் இருக்க நுனியை உள்பக்கமாகச் சுருட்டி விட்டது. மூன்று தடவை கழற்றி மூன்று தடவையும் முயன்று பார்த்தார். கம்பி கட்டாமல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாவது தடவை எழுந்தபோது சக்கரமும் கூடவே எழுந்தது. விமானம் சுற்றுவதை விட்டு, பதினொரு டிகிரி மூக்கைத் தூக்கி, இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் நாலு விரற்கடை மேலே நின்றது. பட்டறை தப்பித்தது.

அன்றே ரகுநந்தனின் முகவரியைக் கேட்டு செந்தில்குமாருக்கு போன் செய்தார். சங்கங்கள் வழியாக விசாரித்ததில் ரகுநந்தன் கோயம்புத்தூரில் இருப்பதாகத் தெரிந்தது. இருக்கிறார் என்ற அந்த ஒரு சொல்லிலேயே பூங்காவனம் எழுந்துபோய் விளக்கேற்றினாள். செல்லதுரைக்கு அது போதவில்லை. ஆள் இருக்கிறார், சக்கரம் என்ன ஆயிற்று என்று தேதி, நேரம், விமான எண் போட்டு ஒரு பக்கம் எழுதிக் கேட்டார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இரண்டு சக்கரமும் சொன்னபடி மடிந்தன, சொன்னபடி இறங்கின. அன்றைக்குப் பழுதானது ரேடியோ மட்டும்தான், அது உங்கள் வேலை இல்லை. இறங்கியதும் உங்களைத் தேடினேன், ரயிலேறிவிட்டதாகச் சொன்னார்கள். உங்கள் டார்ச் என்னிடமே தங்கிவிட்டது. அன்று போட்ட பேட்டரிதான், இன்னும் எரிகிறது. செல்லதுரை அதை நின்றுகொண்டே படித்துவிட்டு உட்கார்ந்து ஏழு தோசை சாப்பிட்டார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு செய்தித்தாள் வாங்கி, வெங்காய விலையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தார். பூங்காவனம் கேட்டதற்கு, உலகத்தில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை என்றார்.

ஆடி பிறந்ததும் விமானம் தினம் ஒரு விரற்கடை ஏறத் தொடங்கியது. கொளஞ்சியப்பன் அதை மாட்டுக் கயிற்றால் வேப்பமரத்தில் கட்டினான். அதன் நிழலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் ஆய்ந்தார்கள். பெரம்பலூருக்கு லாரி வேண்டாம், கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே போய்விடலாம் என்று சங்கத்தில் முடிவாயிற்று.

ஆடிப் பெருக்குக்கு மறுநாள் செல்லதுரை ரகுநந்தனுக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். திறப்பு விழா அன்று யார் யார் இருப்பார்கள், யார் எங்கே உட்காருவார்கள் என்று வரிசையாக எழுதினார். விமானத்துக்கு இடது பக்கத்தில், சக்கரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு நாற்காலி அவருக்கு என்று குறித்தார். கயிறு நல்ல கயிறுதான், ஆனாலும் ஆவணி பிறப்பதற்குள் வந்தால்தான் சக்கரத்துக்கு ஏணி எட்டும் என்று எழுதினார். டார்ச் உங்களிடமே இருக்கட்டும் என்று கடைசியில் சேர்த்தார். உறையின் பசையை நம்பாத பூங்காவனம் நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி ஒட்டினாள். செல்லதுரை ஓரங்களைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தினார், ஒரே ஒரு தடவை. இறக்கைக்குக் கீழே குனிந்து தெருவுக்கு வந்து தபால்பெட்டியில் போட்டுவிட்டு, விழுந்ததா என்று குனிந்து பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பினார்.