'கலப்படம்' என்று எழுதிய குழாய்

மார்ச் ஒன்பதாம் தேதி, மருத்துவமனையின் மூன்றாம் மாடி வார்டில் பதினோரு ஊழியர்களுக்குத் தொற்று உறுதியானது. பதினோரு பேரும் இரண்டு தடுப்பூசியும் போட்டவர்கள்.

பழி துப்புரவு அக்காவின் தலையில் விழுந்தது. அந்தப் பதினோரு பேரில் எல்லா மாடிக்கும் போய்வருகிறவள் அவள்தான். அவள் இருமியதைப் பார்த்ததாகச் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேரில் ஆய்வகப் பரிசோதகியும் ஒருத்தி. விசாரணை முடியும்வரை அக்கா வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பரிசோதகி பதினோரு கிருமிகளின் மரபணு வரிசைகளையும் திரையில் அடுக்கினாள். ஆளுக்கு ஆள் தாவும்போது கிருமியில் எங்காவது ஓர் எழுத்து பிசகும். அதை வைத்து எது மூத்தது, எது இளையது என்று ஓரளவு சொல்லலாம். பதினொன்றிலும் ஓர் அபூர்வப் பிசகு இருந்தது. அக்காவுடையதில் அதற்கு மேலும் இரண்டு. அவள் கிளையின் நுனி, வேர் அல்ல.

"அப்ப வேர் யாரு?" என்றார் துறைத்தலைவர். "ரெண்டு ஊசி போட்டதும் என்னமோ கவசகுண்டலத்தோட பொறந்தவங்க மாதிரி முகக்கவசத்தைக் கழட்டிப் போட்டாங்களே, அதுல ஒருத்தர்தான்."

"பாக்கறேன் சார்."

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"மேடம், எப்ப கூப்பிடுவாங்க? வெறும் வாயை மெல்லுற எங்க மாமியாருக்கு அவல் கெடைச்ச கதையாப் போச்சு. ஊருக்கே நோய் கொடுத்தவன்னு பேராயிடுச்சு."

"ரிப்போர்ட் வரட்டும்க்கா."

"உங்க ரூமை இப்ப யாரு கூட்டறா? அந்த மிஷினுக்கு அடியில தூசி சேரும். சொல்லிவைங்க."

பரிசோதகி போனை வைத்துவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாள். புதிய சோதனைப் பெட்டி வந்தால், முதலில் தங்கள் மூக்குச்சளியையே வைத்து ஓட்டிப் பார்ப்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். நோயில்லாதவர் மாதிரியில் ஒன்றும் தெரியக் கூடாது. ஐந்தாம் தேதி அவள் தன்னுடையதை வைத்தபோது கிருமி இருப்பதாக மங்கலாகத் தெரிந்தது. தொண்டையும் கரகரத்தது. ஊசி போட்டுக்கொண்ட தனக்கு வராது, சோதனைப் பெட்டியில்தான் வேறெதுவோ கலந்துவிட்டது என்று குழாயில் 'கலப்படம்' என்று எழுதி உள்ளே தள்ளினாள். அன்று மதியம் மூன்றாம் மாடி ஓய்வறையில் செவிலியர்களோடு முக்கால் மணி நேரம் சிரித்துப் பேசினாள், முகக்கவசம் இல்லாமல்.

அந்தக் குழாயை வரிசைப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று. அந்த அபூர்வப் பிசகு இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கலப்படம் என்று எழுதிய குழாயை யாரும் தேட மாட்டார்கள். அதைக் குப்பையில் போட எழுந்து, பாதி வழியில் நின்றாள். காதுமடல் சுட்டது. அறையில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் நிமிர முடியவில்லை.

மறுநாள் துறைத்தலைவர் அறிக்கையைப் புரட்டினார். "பதினொண்ணுதானே? பன்னெண்டாவது யாருது?"

"என்னுது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மா இருமுச்சுன்னு நீயும்தானே சொன்ன?"

"ஆமா சார்."

அக்கா பதினெட்டாம் தேதி வேலைக்குத் திரும்பினாள். பரிசோதகியிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தாள். ஆய்வகத்தைக் கூட்டும் பொறுப்பை வேறு யாருக்காவது மாற்றித் தரும்படி பரிசோதகியே கேட்டுக்கொண்டாள். மாற்றித் தந்தார்கள்.